புதுத் தண்ணீர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் மீன்தொட்டியைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்பதுதான். நானே செய்தது என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. முப்பத்தைந்து வருஷம் கோப்புக்கு நாடா கட்டிய கை வேறு என்ன செய்யும் என்று நினைக்கிறார்கள் போலும். காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர், செய்முறையை எழுதுங்களேன் என்று இரண்டு மாதமாக நச்சரிக்கிறார். எழுதிவிடுகிறேன். என்ன, செய்முறையோடு நான் செய்த தப்பும் சேர்ந்தே வரும். அதை விட்டுவிட்டு எழுதினால் படிப்பவர்களும் அதையே செய்வார்கள்.

2024 ஜூலை மாதம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். பகலில் மருமகள் பார்த்துக்கொள்வாள், இரவு என் முறை. ஒரு நாள் இரவு, "ரெண்டு மாசம் படுத்தே கிடக்கணுமாமே. வீட்டுக்கு வந்தும் இதே மாதிரி ஃபேன் சுத்துறதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும்" என்றாள். டி.வி. அவளுக்குப் பிடிக்காது. அதில் எல்லோரும் கத்துகிறார்கள் என்பாள்.

எனக்கு ஏனோ அப்போது என் பள்ளிக்கூடத்து வாத்தியார் நினைவுக்கு வந்தார். நான் படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில். ஆரம்ப வகுப்புகளில் 'லெஸோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருளைக் கண்முன் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் பாடம். ஒரு நாள் உப்பு, ஒரு நாள் தேங்காய், ஒரு நாள் மெழுகுவர்த்தி. அப்படி ஒரு நாள் வாத்தியார் பெரிய கண்ணாடி ஜாடியில் வாய்க்கால் தண்ணீரும் கொஞ்சம் பாசியும் விரல் நீள மீன் இரண்டும் கொண்டுவந்தார். ஜாடியை ஜன்னலோரம் வைத்து, "இந்த மீன்கள் ஏன் சாகவில்லை, சொல்லுங்கள்" என்றார். விடையை அவரே விளக்கினார். நாங்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் விளக்கம் காதில் ஏறவில்லை. நான் அன்று சாயங்காலமே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி நாலு மீன் பிடித்துப் போட்டேன். விடிவதற்குள் நான்கும் மிதந்தன. இது நடந்து அறுபத்தைந்து வருஷம் ஆகிறது. அந்த விளக்கத்தை அன்றே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

அவள் வீட்டுக்கு வரும்போது கட்டிலுக்கு நேரே மீன்கள் நீந்த வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டும் அல்லவா! கடையில் தொட்டி ரெடியாகவே கிடைக்கும். ஆனால் பகல் முழுவதும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த எனக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொட்டியின் அளவு 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம். கண்ணாடிக் கடைக்காரர், "ரெண்டுக்கு ஒண்ணுங்களா ஐயா?" என்று அடியில் கேட்டார். நான் சென்டிமீட்டரில்தான் தருவேன் என்று தாளை நீட்டினேன். இந்த அளவுக்கு 6 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். அடிப்பலகை 60க்கு 30. அதன் மேல் நிற்கும் முன், பின் பலகைகள் 60க்கு 36. பக்கப் பலகை இரண்டும் 30க்கு 36 என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தால் பக்கப் பலகைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. முன்பலகை 6 மில்லி, பின்பலகை 6 மில்லி, ஆக 12 மில்லி கழிக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றவே இல்லை. பசைக்கு இன்னும் ஒரு இரண்டு மில்லி. 28.6 சென்டிமீட்டராக மறுபடி வெட்டி, விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தார். "கணக்கு ஆபீசுலயா வேலை பார்த்தீங்க?" என்று கேட்கவில்லை, நல்ல மனிதர்.

ஒட்டுவதற்கு சிலிக்கான் பசை. இதில் ஒரு எச்சரிக்கை. குளியலறைக்கு என்று விற்பதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். அது மீனுக்கு விஷம். மீன்தொட்டிக்கு ஏற்றது என்று குழாயில் அச்சிட்டதையே வாங்குங்கள். ஒட்டும்போது காடி வாசனை மூக்கைத் துளைக்கும், அது பரவாயில்லை, காய்ந்ததும் போய்விடும். விளிம்புகளை முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். விரல் ரேகை பட்ட இடத்தில் பசை பிடிக்காது. ஒரே வீச்சாகப் பசையைத் தள்ளி, பலகையை நிறுத்தி, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு உள் மூலையை விரலால் வழித்துவிட வேண்டும். பிறகு ஒரு வாரம் தொடவே கூடாது. நான் தினமும் போய்ப் பார்த்தேன், தொடவில்லை.

எடையை யாரும் யோசிப்பதில்லை. கண்ணாடி மட்டும் 12 கிலோ. விளிம்புக்கு நாலு சென்டிமீட்டர் கீழே வரை நிரப்பினால் தண்ணீர் 54 லிட்டர், அதாவது 54 கிலோ. கூழாங்கல் ஒரு 12 கிலோ. எண்பது கிலோவை நெருங்குகிறது. ஒரு ஆள் எப்போதும் மேஜை மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அதனால் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் ஸ்டாண்டு அடிக்கச் சொன்னேன். நம் ஊர்க் கடல்காற்றுக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கை அடிக்காவிட்டால் ஒரே வருஷத்தில் பொரிந்துவிடும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேலே பலகை, பலகை மேல் தெர்மோகோல், அதன் மேல் தொட்டி. தெர்மோகோல் இல்லாமல் ஒரு சின்ன மணல் துகள் அடியில் மாட்டினாலும் கண்ணாடி விரிசல் விடும்.

கூழாங்கல்லையும் சோதிக்க வேண்டும். ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிற கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் பாதி கிளிஞ்சல். கல்லைப் பத்துப் பதினைந்து தண்ணீர் அலச வேண்டும். காற்று மோட்டார், அதனோடு இணைந்த பஞ்சு வடிகட்டி இரண்டையும் கடையில் வாங்கினேன். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் குழாய் வழியே தண்ணீர் திரும்பி வந்து கூடமெல்லாம் வெள்ளமாகும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதைப் போக்க மீன் கடையில் ஒரு பொட்டலம் படிகம் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் நம் பழைய ஹைப்போ! அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் படம் கழுவப் பயன்படுத்துவார்களே, அதேதான். ஸ்டுடியோக்கள் போய்விட்டன, ஹைப்போ மீன்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அவள் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் தண்ணீர் நிரப்பி, ஹைப்போ போட்டு, ஆறு தங்கமீன், ஆறு நியான் டெட்ரா வாங்கி விட்டேன். கடைப் பையன், "தண்ணி ரெடியா சார்?" என்று கேட்டான். குளோரினைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, "ரெடி" என்றேன்.

அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, மேலே போட்டிருந்த வேட்டியை எடுத்தேன். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுக்குத்தான் கையெல்லாம் வெட்டுக் காயமா?" என்றாள். அன்று ராத்திரி விளக்கை அணைக்கவேண்டாம் என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு நியான் மிதந்தது. நான் அவள் விழிப்பதற்குள் எடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் மூன்று. இப்போது மறைக்க முடியவில்லை, எண்ணி வைத்திருந்தாள். தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி கலங்கியது. தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, செவுளோரம் சிவந்திருந்தது. பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டேன். ஒன்பதாம் நாள் காலை கடைசித் தங்கமீனும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அது அரை நாள் அப்படியே இருந்தது. அவள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து வந்து எதுவும் செய்ய முடியாதவள். அதற்கு நேரே கொண்டுவந்து வைத்தவன் நான்.

"நம்ம வீட்டுக்கு வந்தது தங்கலை" என்றாள் சாயங்காலம். மீனைச் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்கு எல்லாமே சகுனம்.

தொட்டியை எடுத்து மாடிப்படிக்கு அடியில் போட்டுவிடலாம் என்று, தண்ணீரை இறைக்கப் பக்கெட்டோடு வந்தேன். அப்போதுதான் அவள், "கடைசியா எப்போ கழுவினீங்க?" என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாக விசாரித்தாள். தண்ணீர் எப்போது ஊற்றினீர்கள், மீன் எப்போது விட்டீர்கள். ஒரே நாள் என்றேன்.

"புதுசா வெட்டின குளத்துல யாராவது உடனே மீன் விடுவாங்களா?"

அவள் பாகூர்க்காரி. பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வந்தால் ஏரி நிரம்பும், ஏரி நிரம்பினால் ஊர் நிரம்பும் என்று வளர்ந்தவள். அவள் அப்பா சின்னக் குளம் ஒன்றில் கெண்டை வளர்த்தவர். தண்ணீர் விட்டு, சாணி கரைத்து ஊற்றி, தண்ணீர் பச்சை கட்டும் வரை இரண்டு மூன்று வாரம் சும்மா விட்டுவிடுவாராம். அதன் பிறகுதான் குஞ்சு விடுவது. "தண்ணி வேற, மீன் இருக்கிற தண்ணி வேற" என்றாள். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள்.

நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் மீனைப் பற்றி அவளிடம் நான் கேட்டது, குழம்பா வறுவலா என்பது மட்டும்தான்.

பிறகு உட்கார்ந்து படித்தேன். பிரெஞ்சில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம். அவள் அப்பா சொன்னதற்கும் புத்தகம் சொல்வதற்கும் சம்பந்தம் இருந்தது. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அமோனியா ஆகும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது, செவுளை அரித்துவிடும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவு கெடுதல் இல்லை, பாசிக்கு உரம். இந்த இரண்டு வகையும் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை இல்லை. என் மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சு முட்டிச் செத்தன. தங்கமீன் மற்றவற்றைவிட அதிகம் கழிப்பது. போதாக்குறைக்கு நம் ஊர் உப்புத் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. அந்தத் தண்ணீரில் அமோனியாவின் விஷம் இன்னும் கூடும். நியானோ அமேசானின் மென்மையான தண்ணீரில் வாழப் பிறந்தது. ஒரு தப்பு என்றால் பரவாயில்லை.

"உறை ஊத்தாம பாலை வெச்சிட்டு தயிர் எங்கேன்னு கேட்டிருக்கீங்க" என்று முடித்தாள் அவள்.

உறையும் உண்மையிலேயே கிடைக்கும். மீன் கடைப் பையனிடம் போய், அவன் பழைய தொட்டியின் பஞ்சை நம் தொட்டியில் பிழியக் கேட்டேன். கறுப்பாக ஒரு பாலிதீன் பை நிறையப் பிழிந்து கொடுத்தான், காசு வாங்கவில்லை. "அன்னைக்கு இதைத்தான் சார் கேட்டேன்" என்றான். மச்சான் பாகூரிலிருந்து ஒரு கட்டு ஏரிப்பாசி கொண்டுவந்தார். அதை ஒரு வாரம் பக்கெட்டில் வைத்தோம். நத்தை முட்டையும் தட்டான் புழுவும் ஒட்டி வரும். தட்டான் புழு மீன்குஞ்சைப் பிடித்துத் தின்னும்.

இனி காத்திருப்பு. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை மீனில்லாத தொட்டியில் போடுவேன், அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாக. வீட்டு வேலைக்கு வரும் அம்மா இதைப் பார்த்து மருமகளிடம் ஏதோ மெதுவாகச் சொன்னதாகக் கேள்வி. கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் பணியாளர் டார்ச் அடித்து, "மீன் எங்கே சார்?" என்றார். வரும் என்றேன். "வர்ற வரைக்கும் வலை கட்டுங்க" என்றார். சரியான பேச்சு. மீன் இல்லாத தண்ணீர் கொசுவுக்கு அழைப்பிதழ். பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டிக் கட்டினேன்.

அமோனியாவைச் சோதிக்கச் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கிறது. சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டால், அமோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. பழக்கம் விடுமா, பதிவேடு ஒன்று போட்டுவிட்டேன். தேதி, நேரம், நிறம், குறிப்பு. தினமும் காலை குழாயை அவளிடம் காட்டுவேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவள்தான் நிறம் சொல்வாள். எனக்கு மஞ்சளும் இளம்பச்சையும் இப்போது ஒன்றாகத்தான் தெரிகிறது. "பச்சை." "பச்சை." "நேத்தைவிட வெளுத்திருக்கு." காலை காபிக்கு முன்னால் இந்த வேலை. அதற்காகவே தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தாள். முதலில் பத்து நிமிஷம், பிறகு அரை மணி.

அந்த வாரங்களில் அவளுக்குப் படித்துக் காட்டியவற்றில் அவளுக்குப் பிடித்தது ழான் வீல்ப்ரோ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணியின் கதை. தையல்காரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஆங்கிலேய வியாபாரியைக் கல்யாணம் செய்து சிசிலித் தீவின் மெசினா ஊருக்குப் போனார். அங்கே கடலில் ஆர்கோனாட் என்று ஒரு உயிர், கணவாய் வகையறா. மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் இருக்கும். அந்த ஓடு அதனுடையதா, வேறு எதனிடமோ திருடியதா என்று படித்தவர்கள் எல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாள் 1832இல் கண்ணாடித் தொட்டி செய்து, உயிரோடு வளர்த்து, தானே ஓட்டை உண்டாக்குகிறது என்று காட்டினார். உடைந்த ஓட்டை அது சரிசெய்துகொள்வதையும் பார்த்தார். 'அக்வேரியம்' என்ற பெயரைப் பரப்பிய ஆங்கிலேயர் காஸின் புத்தகம் வந்தது 1854இல்தான். பெயர் அவருக்கு, வேலை இவருக்கு. சிசிலியை விட்டுக் கிளம்பும்போது இவருடைய சேகரிப்பும் குறிப்புகளும் ஏற்றிய கப்பல் மூழ்கிவிட்டது. "எல்லாமே போச்சா?" என்று இரண்டு தடவை கேட்டாள் என் மனைவி.

செப்டம்பர் மூன்றாம் வாரம் தொடர்ந்து நாலு நாள் "மஞ்சள்" என்றாள். நைட்ரைட்டும் இல்லை. கால்வாசித் தண்ணீர் மாற்றி, நம் தண்ணீருக்குத் தாங்கும் மீனாகப் பார்த்து, ஐந்து கப்பி மட்டும் விட்டேன். ஆண் இரண்டு, பெண் மூன்று. கொசுப்புழு தின்பதற்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுவார்களே, அந்த மீன்தான். ஆண் மீனின் வால் மட்டும் பட்டுப்புடவை முந்தானை. இரண்டு வாரம் கழித்து மோலி நான்கு. ஒன்றும் சாகவில்லை. கப்பி முட்டையிடாது, குட்டி போடும். போட்ட கையோடு தானே தின்றும் விடும். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் அவள், "பாசிக்குள்ள ஏதோ கண்ணு தெரியுது" என்றாள். நான் மூக்குக் கண்ணாடி போட்டும் பார்க்க முடியவில்லை. வாக்கரைப் பிடித்து அவளே எழுந்து வந்து, தொட்டியில் நெற்றியை வைத்து எண்ணினாள். ஏழு.

நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் வந்தது. அன்றைய மழையைப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. கரண்ட் போனது, இன்வெர்ட்டரும் ராத்திரியோடு தீர்ந்தது. காற்று மோட்டார் நின்றுவிட்டால் தண்ணீரில் பிராணவாயு குறையும், பஞ்சில் இருக்கும் பாக்டீரியாவும் சாகும். மறுபடியும் ஒன்பது நாள் கதையா என்று எனக்கு வயிறு கலங்கியது. தெருவில் முழங்கால் தண்ணீர். வேறு வழி தெரியாமல் டம்ளரில் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்ற ஆரம்பித்தேன், காபி ஆற்றுவது போல. கால் மணிக்கு ஒரு தடவை நூறு டம்ளர் என்று கணக்கு. நடு ராத்திரிக்கு மேல் என் தோள் தாங்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டம்ளரை வாங்கிக்கொண்டாள். "நீங்க தூங்குங்க, எனக்குப் பகல்லாம் தூங்கின கணக்கு இருக்கு" என்றாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் ஊற்றிக்கொண்டிருந்த சத்தத்திலேயே தூங்கிப்போனேன்.

மீன்களில் ஒரு கிழட்டு மோலி மட்டும் போனது. அது புயலாலா, வயதாலா என்று பதிவேட்டில் எழுத முடியவில்லை.

நண்பர் கேட்ட செய்முறை இவ்வளவுதான். வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும், எடுத்த தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றினால் பூ கொட்டும். பஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து போட்டால் போதும். தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு. இந்தக் கடைசி விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் அதிகம் போடுகிறேன் என்று தீனி டப்பாவை அவள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.